பழைய பிளேயர்களின் கொமிஷனையும் சேர்த்து வெட்டுவது நியாயமா?

காலிவீதிக்காரன்:
வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே கசினோ விமர்சனத் தளம் ஒன்றை நடத்துகிறேன், ஆறு வருடமாகிறது, வாசகர்கள் முழுக்க இங்கிலாந்திலும் கனடாவிலும். என் லிங்க் வழியாகக் கசினோவில் சேருகிறவர்களுக்காகக் கொமிஷன் தரும் ஒரு அஃபிலியேட் புரோகிராமிலிருந்து போன வெள்ளி மாலை மின்னஞ்சல் வந்தது (பேச்சு இன்னும் முடியவில்லை, அதனால் பெயர் போடவில்லை). அடுத்த மாதம் முதலாம் திகதியிலிருந்து ரெவனியூ ஷெயார், அதாவது அந்த ஆட்கள் தோற்கும் காசில் என் பங்கு, 40 சதவீதம் இல்லை, 20 தானாம். மூன்று மாதத்துக்குள் ஐந்து புது ஆட்களைப் பணம் கட்ட வைக்காவிட்டால் 10. அதற்கு மேலே நிர்வாகக் கட்டணம் என்று 25 சதவீதம் வேறு. புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும் என்றால் நான் வாயே திறக்க மாட்டேன். தொடக்கத்தில் நான் அனுப்பிய ஆட்களுக்கும் சேர்த்துத்தான் வெட்டு.

40 இலிருந்து 20 என்றால் பாதிதானே என்று நினைக்க வேண்டாம். ஒரு பிளேயர் மாதம் 3000 டொலர் தோற்கிறார் என்று வையுங்கள். போனஸ் 600, பணப் பரிமாற்றச் செலவு 150 கழித்தால் 2250, அதில் 40 சதவீதம் 900 டொலர். புதுக் கணக்கில் அந்த 3000 இலிருந்து நிர்வாகக் கட்டணம் 750 உம் போகும். மிச்சம் 1500, அதில் 20 சதவீதம் 300. மூன்றில் ஒரு பங்குதான் கைக்கு வரும்.

கணக்கப்பிள்ளை:
தம்பி, கோபம் விளங்குகிறது, ஆனால் மற்றப் பக்கத்தையும் யாராவது சொல்லத்தான் வேண்டும். இங்கிலாந்தில் ஒன்லைன் கசினோ லாபத்தின் மீதான வரி 2019 ஏப்ரலில் 15 இலிருந்து 21 சதவீதமானது, 2026 ஏப்ரலிலிருந்து 40. நெதர்லாந்திலும் 2025 இல் 34.2, 2026 இல் 37.8. நூறு ரூபாயில் நாற்பது அரசாங்கத்துக்கு, கிட்டத்தட்ட நாற்பது உங்களுக்கு என்றால், கேம் செய்து தருகிறவனுக்கும் சம்பளத்துக்கும் எங்கிருந்து எடுப்பது? 2020 இல் போட்ட விகிதம் 2020 இன் வரிக்குப் போட்ட விகிதம்.

அப்புறம், பதியும்போது நீங்கள் டிக் போட்ட விதிமுறையில் ‘எப்போதும் மாற்றலாம், தொடர்ந்து லிங்க் வைத்திருந்தால் சம்மதம்’ என்று ஒரு வரி இருந்திருக்கும், போய்ப் பாருங்கள். அமேசானே 2020 ஏப்ரலில் தளபாடத்துக்கு 8 சதவீதத்தை 3 ஆக்கியது, மளிகைக்கு 5 ஐ 1 ஆக்கியது, ஒரு வார அவகாசம்தான் கொடுத்தது. பிடிக்காதவர்கள் வேறு இடம் பார்த்தார்கள்.

காலிவீதிக்காரன்:
அண்ணை, அமேசான் உதாரணம் எனக்குத்தான் சாதகம். அமேசானில் விற்பனை நடந்தது, அதற்குரிய கொமிஷன் அன்றைக்கே முடிவானது, ஏப்ரல் 20 வரை விற்றதற்குப் பழைய விகிதம்தான். ரெவனியூ ஷெயார் அப்படி இல்லை. நான் வேலையை 2020 இல் செய்து முடித்துவிட்டேன், அதன் கூலியைத்தான் தவணையில் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

இதையும் கேளுங்கள். சேரும்போது இரண்டு வழி காட்டினார்கள்: ஆளுக்கு 150 டொலரை ஒரே தடவையாக வாங்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் பங்கு. புரோகிராமின் மனேஜர் ஸ்கைப்பில் ‘பங்கை எடுங்கள், பிளேயரின் ஆயுட்காலம் முழுக்க வரும்’ என்றார். நான் அனுப்பிய 212 பேருக்கு 150 வீதம் 31,800 டொலர். அந்தக் காசை நான் வேண்டாம் என்று விட்டது அவர்களுடைய அந்த ஒரு சொல்லை நம்பித்தான். இப்போது பங்கையும் வெட்டினால் அந்த 31,800 ஐத் திருப்பித் தருவார்களா? ‘ஆயுட்காலம்’ என்ற சொல் அவர்களின் பக்கத்தில் இப்போது இல்லை, ஆனால் பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் பழைய பக்கம் அப்படியே இருக்கிறது, சேமித்து வைத்திருக்கிறேன்.

மழைக்குருவி:
நான் இரண்டு வருடம் கசினோக் கம்பனியின் பக்கம், அஃபிலியேட் மனேஜர்களுக்குக் கீழே வேலை செய்தவள். உள்ளே எப்படிப் பார்ப்பார்கள் என்றால், புது ஆள் அனுப்பாத அஃபிலியேட் வெறும் செலவு. கம்பனி கை மாறும்போதுதான் இது அதிகம் நடக்கும். வாங்கினவர் கணக்கைத் திறந்தவுடன் பழைய கொமிஷன்தான் முதலில் கண்ணில் படும். வரி ஒரு காரணம்தான், ஆனால் வரியே இல்லாத நாட்டுப் பிளேயருக்கும் அதே வெட்டு விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் கனடாப் பிளேயர்களுக்கும் குறைத்தார்களா?

காலிவீதிக்காரன்:
ஓம் அக்கா, நாடு பார்க்காமல் எல்லாருக்கும். அதோடு மைனஸையும் அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோவார்களாம், முன்பு ஒவ்வொரு முதலாம் திகதியும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். ஒருவர் 11,000 டொலர் வென்றுவிட்டால் என் கணக்கில் மைனஸ் 2200, மற்ற எல்லாரும் சேர்ந்து அதை அடைக்கும்வரை எனக்கு ஒரு சதமும் இல்லை.

கொட்டாஞ்சேனை13:
‘ஒரு பிளேயர் மாதம் 3000 டொலர் தோற்கிறார்’ என்ற வரியை இரண்டு தரம் வாசித்தேன். அந்த 3000 ஒரு வீட்டு வாடகை. என் மாமா ஒருவர் இதே மாதிரிக் கட்டிக் கட்டி மாமியின் காப்பு வரை அடகுக்கடைக்குக் கொண்டுபோனார், அந்தச் சிட்டையை நான் கையில் பிடித்துப் பார்த்தவன். இந்தியா 2025 ஓகஸ்டில் காசு வைத்து விளையாடும் ஒன்லைன் கேம்களையே சட்டம் போட்டுத் தடை செய்தது. ஆயுட்காலம் முழுக்கப் பங்கு என்றால், ஒருவர் ஆயுள் முழுக்கத் தோற்க வேண்டும் என்றுதானே அர்த்தம்? அதை உரிமை என்று கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

காலிவீதிக்காரன்:
உங்கள் மாமாவின் கதைக்கு என்னிடம் பதில் இல்லை, மறைக்கவும் மாட்டேன், அந்தக் கேள்வி எனக்குள்ளும் இருக்கிறது. ஆனால் நான் கேட்கும் காசு எனக்கு வராவிட்டால் அது தோற்றவரின் வீட்டுக்குத் திரும்பிப் போகாது, கம்பனியிலேயே தங்கும். இந்தத் தொழில் வேண்டுமா என்பதற்கு நீங்கள் தனித்திரி தொடங்குங்கள், நான் வந்து கதைக்கிறேன்.

கணக்கப்பிள்ளை:
150 டொலர் விஷயம் எனக்குத் தெரியாது, அது பாரமான வாதம்தான். ஸ்கைப் பேச்சு எழுத்தில் இருக்கிறதா? இருந்தாலும் நான் சொன்னதை மாற்றவில்லை. 40 வீதம் வரி கட்டும் கம்பனியிடம் பழைய விகிதத்தைக் கேட்டு நின்றால், அது புரோகிராமையே மூடிவிட்டுப் போகும், அப்போது 20 உம் இல்லை. இங்கிலாந்துப் பிளேயருக்குக் குறைப்பை ஏற்றுக்கொண்டு, கனடாவுக்குப் பழைய விகிதத்தைக் கேட்பதுதான் புத்தி. வழக்குப் போட, இந்தக் கம்பனிகள் பல பதிந்திருக்கும் மோல்டாவுக்கா போகப் போகிறீர்கள்?

மழைக்குருவி:
அண்ணா சொல்வதில் பாதி சரி. ஆனால் இங்கிலாந்துக்கும் ஒரேயடியாக விட்டுக்கொடுக்க வேண்டாம், வரி கூடிய அளவுக்கு மட்டும் குறைக்கச் சொல்லுங்கள், நிர்வாகக் கட்டணமும் மைனஸும் பழைய ஆட்களுக்கு வரக்கூடாது. கடிதம் போட முதல் டாஷ்போர்டிலிருந்து பிளேயர் ஐடி, பதிந்த திகதி எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள். சண்டை தொடங்கினால் லொகின் வேலை செய்யாமல் போகும், அதையும் பார்த்திருக்கிறேன். லிங்குகளையும் முதலாம் திகதிக்கு முன் கழற்றிவிடுங்கள், வைத்திருந்தால் சம்மதம் என்று சொல்வார்கள்.

காலிவீதிக்காரன்:
ஸ்கைப் பேச்சு எழுத்தில் இருக்கிறது அண்ணை, 2020 பெப்ரவரி. ஐடி பட்டியலை இப்போதுதான் இறக்கினேன், 212 பேரும் இருக்கிறார்கள். கனடா 131 பேர். லிங்குகளை இன்றிரவு கழற்றுகிறேன், 46 பக்கம் இருக்கிறது. அக்கா, கடிதத்தை எழுதிவிட்டு உங்களுக்குத் தனிமடலில் போடுகிறேன், அனுப்ப முதல் ஒருக்கால் பாருங்கள்.