எக்ஸ்10 மாட்யூல்கள் சொன்ன பேச்சு கேட்பதில்லை: சரிசெய்வதா, கழற்றிப் போடுவதா?

முத்து_நியூஜெர்சி:
வணக்கம். நாங்கள் வாங்கிய பழைய வீட்டில் முன்பு இருந்தவர் எக்ஸ்10 போட்டு வைத்திருக்கிறார். தனி ஒயர் எதுவும் இல்லாமல், வீட்டு மின்கம்பி வழியாகவே விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் அந்தக் காலத்து அமைப்பு. கன்ட்ரோலர் சமையலறையில் இருக்கிறது. கீழ்த்தளத்தில் பெரும்பாலும் வேலை செய்கிறது. சிக்கல் மூன்று இடத்தில்.

மாடிப் படுக்கையறை விளக்கு பகலில் ஒழுங்காக இருக்கும், ராத்திரி கேட்காது. ஆனால் கீழே எலக்ட்ரிக் அடுப்பில் இட்லி வேகும்போது அதே விளக்கு சொன்னபடி கேட்கிறது. அதுவும் விட்டு விட்டு. கராஜில் எல்இடி பல்பு மாட்டியதிலிருந்து அது தானாக எரிகிறது. மாடிப்படி விளக்கு சுவர் சுவிட்ச் வகை, எப்போது கேட்கும் என்றே சொல்ல முடியவில்லை. அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார், இரவில் படி இறங்குவார். அதனால் இதுதான் எனக்கு அவசரம். மாட்யூல்கள், அதாவது கட்டளையைக் கேட்டு விளக்கைப் போட்டு அணைக்கும் பெட்டிகள், வயதாகிச் செத்துவிட்டனவா? புதிது வாங்கட்டுமா?

தீபா_டல்லாஸ்:
முத்து, எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். எக்ஸ்10 ஸ்காட்லாந்தில் 1975இல் உருவானது, அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 1978இல். அன்றைக்கு வீட்டில் குண்டு பல்பும் ஃபிரிட்ஜும் ஒரு டிவியும்தான். இன்றைக்கு ஒவ்வொரு பிளக்கிலும் ஒரு சார்ஜர். அந்தக் கம்பியில் நுணுக்கமான சிக்னல் ஒன்றை அனுப்பி, போய்ச் சேர்ந்ததா என்று திரும்பக் கேட்கவும் வழியில்லாத முறை இது. சாதாரண எக்ஸ்10 மாட்யூல் "கிடைத்தது" என்று பதில் சொல்லாது. ரேடியோ வழியாக ஓடும் புது முறைகளான இசட்-வேவ், ஜிக்பீ இரண்டிலும் பதில் வரும், வராவிட்டால் மறுபடி அனுப்பும். அம்மா இறங்கும் படிக்கட்டை இதை நம்பி விடாதீர்கள்.

பழைய_ஸ்பேனர்:
தம்பி முத்து, ஒன்றும் வாங்காதீர்கள். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. அடுப்பு எரியும்போது வேலை செய்கிறது என்றால் மாட்யூல் உயிரோடுதான் இருக்கிறது. சிக்னல்தான் அங்கே போய்ச் சேரவில்லை.

அமெரிக்க வீட்டுக்குள் வருவது 240 வோல்ட். நடுவில் நியூட்ரல் வைத்து இரண்டு 120 வோல்ட் பிரிவுகளாகப் பேனலில் பிரிகிறது. உங்கள் சமையலறை ஒரு பிரிவிலும் மாடிப் படுக்கையறை மறு பிரிவிலும் இருக்கும். ஒரு பிரிவில் கிளம்பிய சிக்னல் அடுத்த பிரிவுக்குப் போக வேண்டுமானால் தெருக்கம்பத்து டிரான்ஸ்ஃபார்மர் வரை போய்ச் சுற்றி வர வேண்டும். வரும்போது பெரும்பகுதி தேய்ந்துவிடும். அடுப்பின் சுருள் இரண்டு பிரிவுகளுக்கும் குறுக்கே 240 வோல்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. அது சூடாகும் நேரத்தில் சிக்னலுக்கு அதுவே பாலம். அடுப்பு தெர்மோஸ்டாட்போல விட்டு விட்டு மின்சாரம் எடுப்பதால்தான் உங்கள் விளக்கும் விட்டு விட்டுக் கேட்கிறது.

முதல் சோதனை: மாடி மாட்யூலைக் கழற்றிக் கொண்டுவந்து, கன்ட்ரோலர் இருக்கும் அதே சுவர்ப் பிளக்கின் இன்னொரு வாயில் மாட்டுங்கள். ஸ்பைக் பஸ்டரில் மாட்டாதீர்கள், அதற்குள் இருக்கும் ஃபில்டரே சிக்னலைத் தின்றுவிடும். அங்கே ஒவ்வொரு தடவையும் வேலை செய்தால் மாட்யூல்மேல் பழி போடக் கூடாது. செய்யாவிட்டால், மாட்யூலின் முகவரியைக் குறிக்கும், எழுத்தும் எண்ணும் உள்ள திருகு வட்டங்களை ஸ்க்ரூடிரைவரால் முன்னும் பின்னும் சில தடவை சுற்றுங்கள். பல வருஷம் அசையாமல் இருந்தால் உள்ளே தொடுமுனையில் களிம்பேறிவிடும். அதற்குப் பிறகும் கேட்கவில்லை என்றால்தான் அது செத்த மாட்யூல்.

தீபா_டல்லாஸ்:
ஸ்பேனர் ஐயா, நோய் என்ன என்பதில் உங்களோடு சண்டை இல்லை. அதற்கு வைத்தியம் பார்ப்பது வீண் வேலை என்கிறேன். பிரிவுக்குப் பாலம் போட்டாலும் நாளைக்குப் புது டிவி வாங்குவார், மறுபடி விளக்கு போகும். வாழ்நாள் முழுக்கத் துப்பறிந்துகொண்டே இருக்க வேண்டுமா?

குமரன்_சிகாகோ:
நடுவில் ஒரு விஷயம். கட்டளைகள் ஒன்றோடொன்று மோதுவதையும் பாருங்கள். எக்ஸ்10 மெதுவான முறை. 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் சுழியத்தைக் கடக்கும் கணத்தில் 120 கிலோஹெர்ட்ஸில் ஒரு மில்லிசெகண்ட் துடிப்பு, அவ்வளவுதான். ஒரு பிட்டுக்கு ஒரு முழுச் சுற்று ஆகிறது. முகவரிக்கு 11 சுற்று, அதை இரண்டு முறை சொல்ல 22. பிறகு 3 சுற்று இடைவெளி. அப்புறம் "எரி" அல்லது "அணை" என்பதற்கு இன்னொரு 22. மொத்தம் 47 சுற்று, அதாவது ஒரு விளக்கைப் போட ஏறக்குறைய 0.8 நொடி. அந்த நேரத்துக்குள் ஒரு மோஷன் சென்சாரும் கட்டளை கொடுத்தால் இரண்டும் குழம்பிப் போகும்.

முத்து, வீட்டில் மோஷன் சென்சார் இருக்கிறதா? ரிமோட்டின் ரேடியோ சிக்னலை மின்கம்பியில் ஏற்றும் டிரான்ஸீவர்கள் ஒரே எழுத்துக் குறியீட்டில் ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். குறியீடு ஏ-யில் இருந்தால் அதையும் மாற்றுங்கள். பெட்டியிலிருந்து வரும்போதே எல்லாம் ஏ-1இல்தான் இருக்கும். ஒரே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மின்சாரம் வாங்கும் பக்கத்து வீட்டிலும் எக்ஸ்10 இருந்தால், அவர்கள் பட்டன் உங்கள் விளக்கைப் போடும். ஏ (A) முதல் பி (P) வரை ஆங்கில வரிசையில் 16 எழுத்து, 16 எண். 256 முகவரி இருக்கும்போது எல்லோரும் முதலாவதிலேயே இருக்கத் தேவையில்லை.

முத்து_நியூஜெர்சி:
ஸ்பேனர் சார் சொன்னபடி மாட்டிப் பார்த்தேன். மாடி மாட்யூல் சமையலறையில் பிசகாமல் வேலை செய்கிறது. கராஜ் மாட்யூலும் அப்படியே. டிரான்ஸீவர் ஒன்றுதான், மோஷன் சென்சார் இல்லை. குறியீடு ஏ-யில் இருந்தது, மாற்றிவிட்டேன். கராஜ் விளக்கு இன்னும் தானாக எரிகிறது, அதனால் பக்கத்து வீட்டுக்காரர் காரணம் இல்லை. ஆனால் பகல், ராத்திரி வித்தியாசம் ஏன் என்று புரியவில்லை.

பழைய_ஸ்பேனர்:
கராஜ் கதை வேறு. அது அப்ளையன்ஸ் மாட்யூல் என்று நினைக்கிறேன், போடும்போது 'டக்' என்று சத்தம் வரும் வகை. விளக்கின் சொந்த சுவிட்சைத் தட்டினாலே மாட்யூலும் எரியட்டும் என்று உள்ளே ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். அதற்காக அணைந்திருக்கும்போதும் துளி மின்னோட்டத்தை வெளியே விட்டு, எதிர்ப்பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். குண்டு பல்புக்கு அந்தத் துளி ஒன்றுமே இல்லை. எல்இடி பல்புக்குள் இருக்கும் சர்க்யூட் அதைச் சேர்த்து வைத்துச் சிமிட்டுகிறது. யாரோ சுவிட்சைப் போட்டார்கள் என்று மாட்யூல் நினைத்து எரித்துவிடுகிறது. அதே மாட்யூலில் எல்இடியோடு சேர்த்து 4 வாட் இழை நைட்லாம்ப் ஒன்றை மாட்டுங்கள். துளி மின்னோட்டம் அதன் வழியாகப் போய்விடும். உள்ளே ஒரு கம்பியை வெட்டி அந்த வசதியையே நிறுத்துகிறவர்கள் உண்டு. பழக்கமில்லாதவர் அதைத் திறக்க வேண்டாம்.

ராத்திரிச் சிக்கலுக்கு: ராத்திரி மட்டும் வீட்டில் எது ஓடுகிறது? சிக்னலைக் கெடுப்பவை இரண்டு வகை. ஒன்று இரைச்சல் போடும், மற்றொன்று விழுங்கும். விழுங்குவதற்குக் காரணம், டிவி, கம்ப்யூட்டர், யுபிஎஸ் எல்லாவற்றின் நுழைவாயிலிலும் இருக்கும் ஃபில்டர் கப்பாசிட்டர். 0.1 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு அது 26,000 ஓமுக்கும் மேல், கிட்டத்தட்ட மூடிய கதவு. எக்ஸ்10இன் 120 கிலோஹெர்ட்ஸுக்கு வெறும் 13 ஓம். சில வோல்ட்டில் கிளம்பும் சிக்னல் அதற்குள்ளேயே இறங்கிவிடும். மாட்யூலுக்கு 0.1 வோல்ட் அளவுக்கு வந்தாலே போதும், அதுகூட மிஞ்சாது. சுவிட்சை அணைத்தாலும் பிளக்கில் இருக்கும்வரை சில சாதனங்கள் விழுங்கிக்கொண்டே இருக்கும். அதனால் சோதிக்கும்போது பிளக்கைப் பிடுங்குங்கள்.

பேனலில் கன்ட்ரோலருக்கும் மாடி அறைக்கும் உள்ள பிரேக்கர்களை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அணையுங்கள். விளக்கு கேட்கிறதா பாருங்கள். அப்புறம் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். எந்த பிரேக்கரைப் போட்டதும் விளக்கு போகிறதோ, திருடன் அந்த லைனில்.

தீபா_டல்லாஸ்:
வீட்டில் வயதானவர் இருக்கும்போது பிரேக்கர்களை அணைத்து அணைத்துப் போடச் சொல்கிறீர்கள். அந்த நேரத்தில் படிக்கட்டுக்குப் புது சுவிட்சே மாட்டிவிடலாம்.

பழைய_ஸ்பேனர்:
எதை மாட்டுவார், தீபா? அவர் வீடு பழையது. சுவிட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் இருக்க வேண்டும் என்று அமெரிக்க மின்விதி கேட்கத் தொடங்கியது 2011 பதிப்பில்தான். அதற்கு முந்தைய வீடுகள் பலவற்றில் விளக்கிலிருந்து இரண்டு கம்பிதான் சுவிட்சுக்கு இறங்கும். எக்ஸ்10இன் சாதாரண சுவர் சுவிட்ச் அந்த இரண்டு கம்பியிலேயே ஓடிவிடும். நீங்கள் சொல்லும் இசட்-வேவ், ஜிக்பீ சுவிட்சுகளில் நிறைய நியூட்ரல் கேட்பவை. கம்பி இழுக்கச் சுவரை உடைக்க வேண்டும். புதியது என்றால் நிரந்தரம் என்றும் இல்லை. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் சுவிட்ச் நிறுவனத்தின் சர்வர்கள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றபோது, செயலியை நம்பியிருந்தவர்கள் தவித்துப் போனார்கள். சில வாரம் கழித்துப் பயனர்கள் சிலரே நிறுவனத்தை வாங்கித்தான் திரும்ப ஓட வைத்தார்கள். எக்ஸ்10க்கு இன்டர்நெட்டும் வேண்டாம், சர்வரும் வேண்டாம்.

தீபா_டல்லாஸ்:
சர்வர் நின்றது உண்மை. ஆனால் சுவிட்சுகளை நடத்தும் இசட்-வேவ் மையப் பெட்டியை, அதாவது ஹப்பை, வீட்டுக்குள்ளேயே, வெளி சர்வர் இல்லாமல் ஓட்டலாம், நானே அப்படித்தான் வைத்திருக்கிறேன். நியூட்ரல் இல்லாத பெட்டிக்கும் வழி இருக்கிறது. லூட்ரானின் கசேட்டா டிம்மர் நியூட்ரல் கேட்காது, எல்இடியோடும் ஒத்துப்போகும். முக்கியமாக, கட்டளை போகாவிட்டாலும் கையால் தட்டினால் எரியும்.

குமரன்_சிகாகோ:
கையால் தட்டினால் எக்ஸ்10 சுவிட்சும் எரியும். ஆனால் பழைய இரண்டு கம்பி எக்ஸ்10 சுவிட்சில் எல்இடி போட முடியாது என்பதில் தீபா பக்கம்தான் நான். இழை பல்புக்காகவே செய்தது அது. எல்இடி போட்டால் அணைத்த பிறகும் மங்கலாக எரியும், சில நேரம் சுவிட்சே சரியாக வேலை செய்யாது. முத்து, படிக்கட்டில் என்ன பல்பு?

முத்து_நியூஜெர்சி:
படிக்கட்டிலும் எல்இடிதான், நாங்கள் குடிவந்ததும் மாற்றியது. கைவசம் இருந்த பழைய குண்டு பல்பை இப்போது போட்டுப் பார்த்தேன், சுவிட்ச் உடனே கேட்கிறது. பெட்டியைத் திறந்தும் பார்த்தோம், இரண்டே கம்பிதான்.

பிரேக்கர் சோதனையும் முடிந்தது. படிப்பறை லைனைப் போட்டதும் மாடி விளக்கு செத்தது. அங்கே என் கம்ப்யூட்டருக்கு ஒரு யுபிஎஸ் இருக்கிறது. ராத்திரி ஊர் நேரத்துக்கு வேலை பார்க்கும்போதுதான் அதைப் பிளக்கில் செருகுவேன். பிடுங்கினால் விளக்கு கேட்கிறது, அடுப்பு எரியாமலே. ஆனால் எப்போதும் என்று சொல்ல முடியாது.

பழைய_ஸ்பேனர்:
அந்த யுபிஎஸ்ஸுக்கும் சுவருக்கும் நடுவில் எக்ஸ்10 பிளக்-இன் ஃபில்டர் ஒன்றை மாட்டுங்கள். யுபிஎஸ் இழுக்கும் ஆம்பியரைத் தாங்கும் ஃபில்டராகப் பார்த்து வாங்குங்கள். "எப்போதும் இல்லை" என்பது பிரிவுப் பாலம் இல்லாததால். அந்தப் பாலமாக, துணி டிரையரின் 240 வோல்ட் பிளக்கில் செருகும் கப்ளர் கிடைக்கும். உங்கள் பிளக் மூன்று முள்ளா நான்கு முள்ளா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேனலுக்குள் வைக்கும் வகை என்றால் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் தொட வேண்டும்.

குமரன்_சிகாகோ:
வெறும் கப்ளர் போதாது என்பேன். இருக்கிற சிக்னலை அது அந்தப் பக்கம் கடத்தும், பலப்படுத்தாது. பெரிய வீடு என்றால் சிக்னலைக் கேட்டு உரக்கத் திருப்பிச் சொல்லும் ரிப்பீட்டர் வேண்டும்.

பழைய_ஸ்பேனர்:
விழுங்கும் சாதனத்தை வைத்துக்கொண்டு ரிப்பீட்டர் போட்டால், அதையும் அது விழுங்கும். முதலில் ஃபில்டர், அடுத்து கப்ளர். அதற்கும் கேட்காவிட்டால் ரிப்பீட்டர்.

தீபா_டல்லாஸ்:
ஃபில்டர், கப்ளர், தேவைப்பட்டால் ரிப்பீட்டர். கூட்டிப் பாருங்கள் முத்து, அந்தப் பணத்தில் நாலு நல்ல சுவிட்ச் வரும். என் கருத்து மாறவில்லை. மற்ற விளக்குகளை நீங்கள் எப்படியும் வைத்துக்கொள்ளுங்கள், படிக்கட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

முத்து_நியூஜெர்சி:
படிக்கட்டுக்கு நியூட்ரல் கேட்காத டிம்மர் வாங்குகிறேன், இந்த வாரமே. அதுவரை அங்கே குண்டு பல்பு இருக்கும். யுபிஎஸ்ஸுக்கு ஃபில்டரும் டிரையருக்கு கப்ளரும் வாங்கி, மாடியும் கராஜும் எக்ஸ்10இலேயே ஓடட்டும் என்று பார்க்கிறேன். டிரையர் பிளக் நான்கு முள்.

பழைய_ஸ்பேனர்:
நான்கு முள் கப்ளர் கேட்டு வாங்குங்கள். புது டிம்மரை மாட்டிய பிறகு மாடி விளக்கை ஒருமுறை சோதியுங்கள். புது டிம்மரும் கம்பியில் இரைச்சல் போடக்கூடும்.

தீபா_டல்லாஸ்:
போட்டால் அன்றைக்குக் கழற்ற வேண்டியது டிம்மரை இல்லை, ஐயா.