மும்பை பக்கத்தில் மேடு இல்லாமல், லாரி இல்லாமல், தண்ணீர் ஓரமாகச் சைக்கிள் ஓட்ட எங்கே போகலாம்?

டெல்டாக்காரன்:
கோரேகாவில் இருக்கிறோம், சொந்த ஊர் மன்னார்குடி பக்கம். வாய்க்கால் கரையிலேயே சைக்கிள் பழகி, மதகுப் பாலம் ஏறுவதையே பெரிய மேடாக நினைத்து வளர்ந்தவன் நான். இங்கே யாரைக் கேட்டாலும் காட் மலைப்பாதை ஏறலாம் வா, லோனாவ்லா போகலாம் வா என்கிறார்கள், இல்லையென்றால் விடியற்காலை நாலு மணிக்கு மரின் டிரைவ். எனக்கு அதெல்லாம் வேண்டாம். ஏழாவது படிக்கிற மகள், கல்யாணத்துக்கு அப்புறம் சைக்கிளையே தொடாத மனைவி, மூன்றுமே கியர் இல்லாத வண்டி. தரை சமமாக இருக்கணும், பக்கத்தில் தண்ணீர் தெரியணும், முதுகுக்குப் பின்னால் டம்பர் ஹாரன் அடிக்கக் கூடாது. 20, 25 கிலோமீட்டருக்குள் முடிந்தால் போதும். ஆரே போய்ப் பார்த்தோம், ஏற்றமும் இறக்கமும், நடுவில் கார் வரிசை. பவாய் ஏரியைச் சுற்றிச் சைக்கிள் பாதை வருகிறது என்று எப்போதோ படித்தேன், அது என்ன ஆச்சு? டிசம்பர் லீவில் போக உத்தேசம். கார் கிடையாது.

மார்வே ரோடு:
பவாயை மறந்துவிடுங்கள். 2022 மே மாதம் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தப் பாதையே சட்டவிரோதம், போட்டதை எடுத்துவிட்டு இடத்தைப் பழையபடி ஆக்குங்கள் என்று சொல்லிவிட்டது. என்னைக் கேட்டால் நல்லதுதான், ஏரியைத் தூர்த்துவிட்டு அதன் மேல் நின்று ஏரியை வேடிக்கை பார்ப்பானேன்.

உங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது மனோரி. மலாடிலிருந்து மார்வே ரோட்டைப் பிடித்து ஜெட்டிக்கு, அதாவது படகுத்துறைக்கு வந்து சைக்கிளோடு படகில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் அக்கரை. மனோரி, கோராய், உத்தன் மூன்றுக்கும் தரை வழியாகப் போகணும் என்றால் பயந்தர் சுற்றித்தான் போகணும், அதனாலேயே அந்தப் பக்கம் இன்னும் கிராமமாக இருக்கிறது. ஒரு பக்கம் அலையாத்திக் காடு, இன்னொரு பக்கம் பனை, வயல், நடுவில் ஓட்டு வீடு. கோராயில் விபாசனா பகோடாவின் தங்கக் கோபுரம் தூரத்திலிருந்தே தெரியும், வழி கேட்கவே வேண்டாம்.

உத்தன் வரை போனால் ஒரு விஷயம் கட்டாயம் பாருங்கள். மழைக்காலம் முடிந்ததும் கடற்கரையில் மூங்கில் பந்தல் போட்டு பொம்பில் மீன் காயவைப்பார்கள். கயிற்றில் கட்டுவது கிடையாது, முள் குத்துவதும் கிடையாது, இரண்டு மீனின் தாடையை ஒன்றுக்குள் ஒன்று மாட்டி, ஜோடி ஜோடியாகக் கம்பின் மேல் தொங்கவிட்டுவிடுவார்கள். உங்கள் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாவது பார்ப்பாள். உத்தனில் வேளாங்கண்ணி மாதா கோயிலும் உண்டு, நம்மவர்கள் நிறையப் பேர் வருவார்கள். ஆனால் கோராய் தாண்டி உத்தன், டோங்ரி பக்கம் மேடு வரும், கியர் இல்லாத வண்டிக்கு இறங்கித் தள்ளுகிற மேடு. முதல் தடவை மனோரி, கோராய் பார்த்துவிட்டு அதே படகில் திரும்பிவிடுங்கள்.

பாப்டிவாசி:
மேலே சொன்னது சரி, ஆனால் ஞாயிறு பத்து மணிக்கு மேல் அந்த ரோட்டில் ரிசார்ட்டுக்குப் போகிற கூட்டமும், சத்தத்துக்காகவே சைலன்சரைக் கழற்றிய பைக் பசங்களும்தான். மும்பையில் 'வண்டியே வராத பாதை' என்று ஒன்று கிடையாது சார், வண்டி வராத நேரம்தான் உண்டு. ஒன்பதுக்குள் முடித்துவிடுகிற மாதிரி எங்கேயும் கிளம்புங்கள்.

சமதரையும் தண்ணீரும் ஒன்றாக வேண்டுமென்றால் வசாய் மேற்குதான். ஸ்டேஷன் பக்கத்துக் கட்டடங்களையும் ஆட்டோ நெரிசலையும் பார்த்துவிட்டு இதையா சொல்கிறான் என்று திரும்பிவிடாதீர்கள், ரயில் பாதையை விட்டுக் கடலை நோக்கி வந்தால் ஊரே மாறிவிடும். கோட்டையில் ஆரம்பியுங்கள். போர்த்துகீசியர் கட்டி ஆண்டது, 1739-ல் சிமாஜி அப்பா தலைமையில் மராத்தியர் பிடித்தார்கள், உள்ளே இடிந்த சர்ச்சுகளுக்கு நடுவிலேயே பாதை போகிறது. அங்கிருந்து பாப்டி, கிரிஸ், புய்காவ், நிர்மள், ஆகாஷி, அர்னாலா கடற்கரை. ஏறக்குறைய 15 கிலோமீட்டர், பாலம் தவிர மேடே கிடையாது. மெயின் ரோட்டை விட்டு, ஒரு ஆள் எதிரே வந்தால் ஒதுங்கி நிற்கணும் என்கிற அளவுக்கு ஒடுங்கின சந்துகளில் போங்கள். இரண்டு பக்கமும் வாழை, வெற்றிலைக் கொடிக்கால், பூந்தோட்டம்.

தோட்டங்களுக்கு நடுவில் சின்னச் சின்னக் குளங்கள் இருக்கும், பாவ்கல் என்பார்கள். கடல் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் கிணறுகளில் நல்ல தண்ணீர் கிடைப்பதற்கு இந்தக் குளங்கள் ஒரு காரணம், மழைத் தண்ணீரை நிறுத்தி மண்ணுக்குள் இறக்கிவிடும். எத்தனையோ குளங்களைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பிவிட்டார்கள், மிச்சத்தைக் காப்பாற்ற ஊர்க்காரர்களே போராடிக்கொண்டிருக்கிறார்கள். உங்களுக்கு ஊர் ஞாபகம் வரப்போவது அந்த இடத்தில்தான். ஆகாஷி பக்கம் சுகேளி கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், நேந்திரம் மாதிரி இருக்கிற ராஜேளி வாழைப்பழத்தை உரித்து வெயிலில் காயவைத்தது. பையில் போட்டுக்கொண்டால் வழிக்கு அதைவிட நல்ல தீனி கிடையாது.

டெல்டாக்காரன்:
இரண்டு பேருக்கும் நன்றி. பாவ்கல் கேட்டதும் மனைவி இப்போதே கிளம்பலாம் என்கிறாள். ஆனால் கோரேகாவிலிருந்து மூன்று சைக்கிளை வசாய்க்கு எப்படிக் கொண்டுபோவது? ஹைவேயில் வெர்சோவா பாலம் தாண்டி ஓட்டிப் போக எனக்கே தைரியம் இல்லை. அப்புறம், ரயிலில் போகும்போது பயந்தருக்கும் நைகாவுக்கும் நடுவில் உப்பளம் தெரியுமே, அந்த வரப்பில் ஓட்டலாமா? பார்க்க நம் வேதாரண்யம் மாதிரியே இருக்கிறது.

பாப்டிவாசி:
ஹைவே வேண்டவே வேண்டாம். 2024 பிப்ரவரியிலிருந்து பயந்தர் மேற்கு ஜெட்டிக்கும் வசாய் கோட்டை ஜெட்டிக்கும் வண்டிகளையும் ஏற்றிக்கொள்கிற ரோ-ரோ படகு ஓடுகிறது, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஏறிவிடலாம், இறங்கினால் கோட்டை வாசல். பயந்தர் வரைக்கும் ஒரு சின்ன டெம்போ பேசிக்கொள்ளுங்கள், மூன்று வண்டிக்கு அதுதான் தலைவலி இல்லாதது. லோக்கல் ரயிலில் லக்கேஜ் டப்பாவில் ஏற்றுகிறவர்கள் உண்டு, ஆனால் மீன் கூடைக்கும் தயிர் கேனுக்கும் நடுவில் மூன்று சைக்கிளையும் ஒரு குழந்தையையும் வைத்துக்கொண்டு நான் அதைச் செய்ய மாட்டேன். மடிக்கிற சைக்கிள் என்றால் கதை வேறு.

உப்பள வரப்பில் ஏறாதீர்கள். டிசம்பரில்தான் பாத்தி திருத்தி, கரையை மிதித்து இறுக்கி, தண்ணீர் பாய்ச்ச ஆரம்பிப்பார்கள். அந்த ஈரக் கரையில் டயர் தடம் ஒன்று விழுந்தால் போதும், அதன் வழியாகத் தண்ணீர் அரித்துக்கொண்டு போய்விடும். ஆளைக் கேட்டுவிட்டு வண்டியை ஓரமாக வைத்து நடந்து பாருங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

செம்பூர் மாமி:
கடல் ஏறுகிற, வற்றுகிற நேரத்தை யாருமே சொல்லவில்லையே! மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நாலு, அஞ்சு மீட்டர் வித்தியாசம் வரும். நன்றாக வற்றின நேரத்தில் ஜெட்டிப் படியில் கீழே வரைக்கும் இறங்கணும், அந்தக் கடைசிப் படிகளில் பச்சையாகப் பாசி, கையில் சைக்கிள் வேறு. ஏற்றம் தினமும் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை தள்ளிப்போகும், அதனால் போன ஞாயிறு பார்த்த நேரம் இந்த ஞாயிறுக்கு உதவாது. முந்தின நாள் அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கோ.

அவ்வளவு தூரம் எதற்கு என்று தோன்றினால் பாண்டுப் பம்பிங் ஸ்டேஷன் ரோடு இருக்கிறது. ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேயிலிருந்து உள்ளே திரும்பினால் உப்பங்கழி வரைக்கும் மண் ரோடு, இரண்டு பக்கமும் சதுப்பு. சின்னத் தூரம்தான், ஆனால் குழந்தைக்குப் பழகக் கொடுக்க நல்லது. தாணே கழியில் நவம்பரிலிருந்து மே வரைக்கும் ஃபிளமிங்கோ வரும், 2015-ல் சரணாலயம் ஆனது, 2022-ல் உலக முக்கியத்துவமுள்ள சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. டிசம்பரில் கொஞ்சம்தான் இருக்கும், கூட்டமாக வேண்டுமென்றால் பிப்ரவரிக்கு மேல் வாங்கோ. நாய்கள் உண்டு, துரத்தினால் மிதிக்காமல் இறங்கி நின்றுவிட்டால் போதும்.

உரணுக்கு மட்டும் யார் சொன்னாலும் போகாதீர்கள். மேப்பில் முழுக்க நீலமும் பச்சையுமாக அழகாகத் தெரியும், நேரில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி ஒன்றன் பின் ஒன்று.

பழைய ரேலி:
தம்பி, ஒரு ராத்திரி தங்க முடிந்தால் அலிபாக் தாலுகா. மும்பையில் பாவுச்சா தக்கா படகுத்துறையிலிருந்து மாண்ட்வாவுக்கு ரோ-ரோ, சைக்கிள் ஏற்றுவார்கள், சுமார் ஒரு மணி நேரம். இறங்கினதும் எல்லாரும் கடற்கரைப் பக்கம் கிஹிம் நோக்கி ஓடுவார்கள், நீங்கள் கிழக்கே தர்மதர் கழிப் பக்கம் ஷஹாபூர், பொய்னாட் போங்கள். கார் ஜமீன் என்று அவர்கள் சொல்கிற உவர்நிலம் அதுதான். கடல் தண்ணீர் உள்ளே வராமல் மண்கரை கட்டி, மழைத் தண்ணீரால் உப்பைக் கழுவி நெல் போடுகிறார்கள். ஊர்க் குளங்களில் ஜிதாடா வளர்ப்பார்கள், நம் கொடுவா மீன். உன் ஊர் வயல் மாதிரியேதான் தோன்றும், வித்தியாசம் என்னவென்றால் அங்கே கரை தண்ணீரைத் தேக்க, இங்கே கரை தண்ணீரைத் தடுக்க.

பொய்னாட் பக்கத்தில் 'சரி' என்ற பெயரில் ஒரு ஊர். 'கோத்' எனப்பட்ட நிலச்சுவான்தார்களுக்கு எதிராகக் குத்தகை விவசாயிகள் 1933 முதல் 1939 வரை பயிரே வைக்காமல் வேலைநிறுத்தம் செய்தது அங்கேதான், நாராயண் நாகு பாட்டில் தலைமையில். கீழத்தஞ்சைக்காரன் நின்று பார்த்துவிட்டுப் போகணும்.

கரை மேல் நிழல் கிடையாது, தொப்பி எடுத்துக்கொள். திரும்பி வந்ததும் சங்கிலியை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விடு, மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் துரு பிடித்துவிடும்.

டெல்டாக்காரன்:
சரி, முதலில் மனோரி, அப்புறம் வசாய். கிறிஸ்துமஸை ஒட்டி வசாய் வரலாமா, கூட்டமாக இருக்குமா?

பாப்டிவாசி:
24, 25 சாயங்காலம் சந்தெல்லாம் ஜனமாக இருக்கும், ஓட்ட முடியாது. 26 காலை வாருங்கள், வாசல்களில் நட்சத்திரமும் குடிலும் அப்படியே இருக்கும், ஊர் தூங்கிக்கொண்டிருக்கும்.