ஏற்றுமதி பத்து மடங்காம்! வனஸ்பதியைக் கழிச்சுப் பார்த்தனீங்களோ?

துறைமுகவீதி:
நேற்று இங்க ஒருத்தர் "உடன்படிக்கைக்கு மேல உடன்படிக்கை போட்டு நாடு கண்டது ஒண்டுமில்லை" எண்டு எழுதியிருந்தார். வாசிச்சுப் பத்திக்கொண்டு வந்தது. இலங்கை இந்தியாவோட செய்த சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 2000 மார்ச்சில் அமுலுக்கு வந்தது. அந்த வருசம் இந்தியாவுக்கான எங்கட ஏற்றுமதி சுமார் 55 மில்லியன் டொலர். 2005இல் சுமார் 560 மில்லியன். பத்து மடங்கு!

ஓர்ஸ்ஹில்காரன்:
எழுதினது நான்தான், பேரைச் சொல்லியே கேக்கலாம். அந்தப் பத்து மடங்கில கிட்டத்தட்டப் பாதி வனஸ்பதியும் (தாவர எண்ணெயைக் கட்டியாக்கின நெய்) செம்பும். இந்தியா பாம் எண்ணெய்க்குப் பெரிய வரி போட்டிருந்த காலம் அது. மலேசிய, இந்தோனேசிய எண்ணெய் இங்க குறைஞ்ச வரியில இறங்கி, வனஸ்பதியா மாறி, வரியில்லாமல் இந்தியாவுக்குப் போச்சு. இந்தியா கோட்டா வைச்சது, பிறகு எண்ணெய் வரியையும் குறைச்சது. ஆலைகள் படுத்திட்டுது. இதுவோ வளர்ச்சி?

துறைமுகவீதி:
ஆலை இங்க, சம்பளம் இங்க. 35 வீதம் உள்நாட்டுப் பெறுமதி சேர்ந்தாத்தான் இலங்கைப் பொருள் எண்ட சான்றிதழே. வனஸ்பதியும் ஏற்றுமதிதான் அண்ணை.

ஓர்ஸ்ஹில்காரன்:
மூலப்பொருளின்ர விலையைச் சீட்டில குறைச்சு எழுதினால் அந்த 35 தானா வரும். வனஸ்பதியைக் கழிச்சுப்போட்டுக் கணக்கைக் காட்டும்.

சாம்பல்தீவுப் பிள்ளை:
ரெண்டு பேரும் வனஸ்பதியை விட்டிட்டு வாங்கோ. பிரச்சினை, உடன்படிக்கைகள் ஒண்டுக்கு மேல ஒண்டு விழுறது. இந்தியாவுக்கு ஒரு பொருள் அனுப்ப எங்களுக்கு மூண்டு வழி: இருதரப்பு உடன்படிக்கை, 2006இல் வந்த சாப்டா எண்ட தெற்காசிய உடன்படிக்கை, ஆப்டா எண்ட ஆசிய பசிபிக் உடன்படிக்கை. ஒவ்வொண்டுக்கும் வேற விலக்குப் பட்டியல் (சலுகை இல்லாத பொருட்கள்), வேற மூலவிதி (எந்த நாட்டுப் பொருள் எண்டு தீர்மானிக்கிற விதி). மிளகைப் பாருங்கோ. தென்கிழக்காசிய நாடுகளோட இந்தியா செய்த ஆசியான் உடன்படிக்கை இருந்தும் 2017இல் வியட்நாம் மிளகுக்கு இந்தியாவில 50 வீதத்துக்கு மேல வரி இருந்தது. இலங்கை மிளகு 2,500 தொன் வரைக்கும் வரியில்லாமல் போகலாம். அந்த இடைவெளியில வியட்நாம் மிளகு இலங்கைப் பேரில போகுது எண்டு இந்திய விவசாயிகள் சத்தம் போட்டு, 2017 டிசம்பரில இந்தியா கிலோவுக்கு 500 இந்திய ரூபா குறைந்தபட்ச இறக்குமதி விலை வைச்சது. அடி விழுந்தது மாத்தளை மிளகுத் தோட்டக்காரனுக்கும்தான்.

ஓர்ஸ்ஹில்காரன்:
நான் வனஸ்பதியில சொன்னதைத்தான் தங்கச்சி மிளகில சொல்லுறா.

துறைமுகவீதி:
கம்பஸ் பாடத்தை இங்க ஒப்புவிக்க வேண்டாம் பிள்ளை.

சாம்பல்தீவுப் பிள்ளை:
படிச்சதைச் சொன்னா ஏன் உங்களுக்குக் குத்துது?

கிண்ணியா நானா:
நான் நண்டு அனுப்புற ஆள். 2018இல் சிங்கப்பூர் உடன்படிக்கை வந்தது எண்டு கொண்டாடினாங்க. சிங்கப்பூர் அதுக்கு முந்தியும் நண்டுக்கு வரி எடுக்கல்லயே தம்பி! மூலச் சான்றிதழுக்கு ஒருக்கா ஆளக் கொழும்புக்கு அனுப்பினன். பொருள் குறியீட்டில ஒரு இலக்கம் பிழையாம், ஒரு கந்தோரில திருப்பி அனுப்பிட்டாங்க. பெட்டிக்குள்ள நண்டு செத்துப் போச்சு. பிறகு 2024இல் தாய்லாந்தோடயும் கையெழுத்து. மெயின் ஸ்ட்ரீட் கடைகள்ல ஏற்கனவே தாய்லாந்து நெத்தலிதான். எங்கட கரையில காயுற நெத்தலிய இனி யாரு வாங்குற?

துறைமுகவீதி:
நானா, நண்டு செத்ததுக்கு உடன்படிக்கை என்ன செய்யும்? திருகோணமலையில இவ்வளவு பெரிய இயற்கைத் துறைமுகத்தை வைச்சுக்கொண்டு கொள்கலனைக் கொழும்பால அனுப்புறமே, அதைக் கதையுங்கோ.

ஓர்ஸ்ஹில்காரன்:
கதையை மாத்தாதேயும். போன வருசம் இங்க எண்ணெய்த் தாங்கி விசயத்தைப் பற்றி வாதாடேக்கையும் இப்பிடித்தான் நடுவில நழுவினீர். கேட்டது வனஸ்பதி. 2005 ஏற்றுமதியைப் பொருள் பொருளாப் பிரிச்சுப் போடும்.

துறைமுகவீதி:
தாங்கி விசயத்தில ஆர் நழுவினது எண்டு இங்க எல்லாருக்கும் தெரியும். உமக்குக் கணக்குப் போட்டுக் காட்ட நான் உம்மட கிளாக்கர் இல்லை.

ஓர்ஸ்ஹில்காரன்:
இருந்தாத்தானே போட. கழிச்சா என்ன மிஞ்சும் எண்டு உமக்கே தெரியும்.

கிண்ணியா நானா:
தாங்கிய விடுங்க, நெத்தலிக்கு என்ன வழி?

ஓர்ஸ்ஹில்காரன்:
பொறுங்கோ நானா, முதல் இவர் கணக்கைப் போடட்டும்.