புதுப்பிப்பு: ஆக்சிஸ் அண்ட் அலைஸ், நேரிலும் இணையத்திலும்

இரண்டாம் உலகப் போரை வைத்து ஆடும் இந்தப் பலகை விளையாட்டில், தரப்பைத் தேர்ந்தெடுக்கும் ஏலத்தில் பலவீனமான தரப்புக்குத் தரும் கூடுதல் படை, நேர், இணையம் என இரண்டு வகை ஆட்டத்துக்கும் ஒன்றாகவே இருக்கலாம் என்று முன்பு எழுதியதைத் திருத்துகிறேன். இணையத்தில் ஒவ்வொரு போரையும், வெற்றி வாய்ப்பைக் கணக்கிடும் கணிப்பானில் சரிபார்க்க நேரமுண்டு. சிறு அனுகூலமும் வீணாகாது. சமூக மன்ற மேசையில், கடைசி எம்ஆர்டி ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில், அதே அனுகூலம் கரைந்துவிடும். ஏலத்தைத் தனித்தனியாக நடத்துங்கள்.

மேசையில் பகடை அதிர்ஷ்டத்தைக் குறைக்க, படைகளின் தாக்கும் எண்களைக் கூட்டி 6ஆல் வகுங்கள். 3 காலாட்படை (தலா 1), 2 டாங்கி (தலா 3): மொத்தம் 9. ஓர் அடி, அதாவது எதிரிக்கு ஓர் இழப்பு, உறுதி. மீதி 3க்கு ஒரு பகடை. 3 அல்லது அதற்குக் கீழே விழுந்தால் இன்னோர் அடி. தற்காப்புக்கும் இதே கணக்குதான். இணையத்தில் இதை நான் பரிந்துரைக்கமாட்டேன்: 6இன் மடங்காகப் படை திரட்டுபவருக்கு எல்லாமே முன்கூட்டித் தெரிந்துவிடும்.