புகை அலாரம் மாற்றணும்: கூட்டுக் கருவியா, தனித்தனியா?

மூன்று வாரமாக வீட்டுப் புகை அலாரம் நிமிடத்துக்கு ஒரு தடவை 'கீச்' என்கிறது, அதுவும் நடுராத்திரியில்தான் ஆரம்பிக்கும். அயனியாக்க வகை (உள்ளே இருக்கும் துளி கதிரியக்கப் பொருளை வைத்துப் புகையை உணர்வது), 9 வோல்ட் பேட்டரி, சமையலறை வாசலிலிருந்து நாலடியில் கூரையில் இருக்கிறது. வெங்காயம் வதக்கினாலே அலறும்.

புது பேட்டரி இரண்டு தடவை போட்டாச்சு, தூசியும் உறிஞ்சியாச்சு. கழற்றிப் பின்பக்கம் பார்த்தால் தயாரிப்பு ஆண்டு 2013! பத்து வருஷம்தான் இதன் ஆயுள்.

புகைக்கு ஒளிமின் வகை (புகையில் ஒளி சிதறுவதை வைத்து உணர்வது) என்று முடிவு செய்துவிட்டேன், சமையல் புகைக்கு அவ்வளவாகக் கத்தாது. குழப்பம் கார்பன் மோனாக்சைடில்தான், கேஸ் சரியாக எரியாவிட்டால் வரும் விஷவாயு அது. கேஸ் வாட்டர் ஹீட்டர் படுக்கையறைச் சுவரை ஒட்டி இருக்கிறது, இந்த வாயுவுக்கோ வாசனையே கிடையாது.

படுக்கையறை வாசலில் புகை, கார்பன் மோனாக்சைடு இரண்டுக்கும் சேர்ந்த ஒரே அலாரம் போதுமா, தனித்தனியாகத்தான் வாங்கணுமா?