ஆல்ம்கிரென்–கிறிஸ் மாடலில் நிரந்தரத் தாக்கம் எங்கே போனது?

கேள்வி:
பெரிய ஆர்டரை எந்த வேகத்தில் விற்பது என்று ஆல்ம்கிரென், கிறிஸ் இருவரும் 2000 வாக்கில் கொடுத்த மாடலைப் படித்துக்கொண்டிருக்கிறேன். விற்கும் நேரத்தில் மட்டும் விலையை இடிப்பது தற்காலிகத் தாக்கம், ஈட்டா. விற்ற பிறகும் விலையில் தங்கிவிடுவது நிரந்தரத் தாக்கம், காமா. ஆனால் கடைசியில் வரும் வேகத்தில் காமாவையே காணோம். அதுவும் நஷ்டம்தானே?

பதில் 1:
நஷ்டம்தான், ஆனால் எப்படி விற்றாலும் அதே நஷ்டம். ஒவ்வொரு பங்கு விற்கும்போதும் விலை 1 பைசா நிரந்தரமாக இறங்குகிறது, கையில் 1,000 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பங்கு பழைய விலைக்கே போகும், கடைசிப் பங்கு கிட்டத்தட்ட 10 ரூபாய் குறைவாகப் போகும், சராசரி 5 ரூபாய், ஆக மொத்தம் சுமார் 5,000 ரூபாய் போச்சு. ஒரு மணி நேரத்தில் தள்ளினாலும் ஒரு வாரம் இழுத்தாலும் இந்தத் தொகை மாறாது, அதனால் வேகத்தைத் தீர்மானிப்பதில் அதற்கு வேலையே இல்லை. மிஞ்சுவது இரண்டு: அவசரப்பட்டால் ஈட்டா, காத்திருந்தால் விலையின் ஏற்ற இறக்கம், அதாவது சிக்மா. ரிஸ்க்கை நீங்கள் எவ்வளவு வெறுக்கிறீர்கள் என்பதற்கான எண் லாம்டா. அதை சிக்மாவின் வர்க்கத்தால் பெருக்கி, ஈட்டாவால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் காப்பா. வேகம் அதில்தான் இருக்கிறது. நேரத்தைத் துண்டு துண்டாக வெட்டினால் மட்டும் காமா லேசாகத் தலைகாட்டும்.

பதில் 2:
ஒன்று சேர்க்கிறேன். நிரந்தரத் தாக்கம் நேர்கோடாக, அதாவது 2 மடங்கு விற்றால் 2 மடங்காக, இருப்பதால்தான் இது நடக்கிறது. நேர்கோடு இல்லையென்றால் வாங்கி விற்றே சராசரியில் லாபம் பார்க்கும் ஓட்டை மாடலில் வந்துவிடும் என்று ஹூபர்மன், ஸ்டான்சல் 2004இல் காட்டினார்கள். ஆனால் நிஜச் சந்தையில் பெரிய ஆர்டரின் மொத்தத் தாக்கம் ஏறத்தாழ வர்க்கமூலமாகத்தான் வளர்கிறது: 4 மடங்கு விற்றால் தாக்கம் 2 மடங்கு. அதோடு அது மெல்லத்தான் தேய்கிறது. தேய்வைச் சேர்த்த ஒபிஷாயேவா–வாங் மாடலில் விடையின் உருவமே வேறு: தொடக்கத்தில் ஒரு பெரிய துண்டு, நடுவில் சீரான வேகம், முடிவில் இன்னொரு துண்டு.

கேட்டவர்:
நன்றி, இப்போது தெளிவு. அப்புறம் லாம்டாவுக்கு என்ன எண் போடுவது?

பதில் 1:
நேராக எண் தேடாதீர்கள். 1ஐ காப்பாவால் வகுத்தால் ஒரு கால அளவு வரும், கெடு நீளமாக இருந்தால் ஏறத்தாழ அதற்குள் கையிருப்பு மூன்றில் ஒரு பங்கு சொச்சமாகக் குறைந்துவிடும். எத்தனை நாள் தாங்குவீர்கள் என்று முதலில் முடிவெடுங்கள், லாம்டா தானே வரும். 2008 ஜனவரியில் பிரெஞ்சு வங்கியான சொசியேட்டே ஜெனரால், அதன் டிரேடர் ஒருவர் மறைத்து வைத்திருந்த சுமார் 50 பில்லியன் யூரோ சந்தை நிலைகளை 21 முதல் 23 வரை மூன்றே நாளில் முடித்தது, 4.9 பில்லியன் நஷ்டம். சந்தையும் அப்போது சரிந்துகொண்டிருந்ததால் அத்தனையும் தாக்கம் என்று சொல்ல முடியாது. ஆனால் விஷயம் கசிந்துவிடும் என்ற பயம் லாம்டாவை எங்கே கொண்டுபோகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பல நிறுவனப் பங்குகள் என்றால் சிக்மாவின் வர்க்கம் இருக்கும் இடத்தில் கோவேரியன்ஸ் மேட்ரிக்ஸ் (எந்தப் பங்கு எதோடு சேர்ந்து ஆடுகிறது என்ற அட்டவணை) போடுங்கள், ஈட்டாவும் மேட்ரிக்ஸ் ஆகும், மற்றபடி கணக்கின் யோசனை இதேதான்.