அத்தை வீட்டு ஹோஸும் என் தேர்வும்

அத்தை: யாராவது முழித்திருக்கிறீர்களா? வாஷிங் மெஷின் ஹோஸ் கழன்று ராத்திரி முழுவதும் தண்ணீர் ஓடியிருக்கிறது. கீழ் வீட்டு சீலிங் ஊறி, அவர்கள் லேப்டாப் மேல் கொட்டிவிட்டது. இதை அவர்களுக்கு அனுப்பப் போகிறேன், சரியா என்று பாருங்கள்: "தப்பு முழுக்க எங்கள் மேல்தான். ஆகிற செலவு எல்லாம் நாங்களே தருகிறோம். இன்சூரன்ஸ் இருக்கிறது, கவலை வேண்டாம்."

சித்தப்பா: அக்கா, அனுப்பாதே!

அத்தை: ஏன்டா? மனிதத்தன்மை என்று ஒன்று இல்லையா?

சித்தப்பா: வருத்தம் தெரிவி, துடைக்க ஆள் அனுப்பு, லேப்டாப்பை ஆன் பண்ணவேண்டாம் என்று சொல். ஆனால் "தப்பு எங்கள் மேல்", "நாங்களே தருகிறோம்" என்ற இரண்டையும் எடுத்துவிடு. கம்பெனியைக் கேட்காமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது, பணம் தருவதாக வாக்குக் கொடுக்கக் கூடாது என்று பெரும்பாலான பாலிசிகளில் நிபந்தனை இருக்கும். மீறினால் கிளெய்ம் சிக்கலாகும்.

அண்ணன்: நாளைக்கு இன்சூரன்ஸ் புரோக்கர் தேர்வு எழுதுகிற ஆள் ஒருத்தி இங்கே இருக்கிறாள். வாயைத் திறக்கட்டும்.

நான்: இருக்கிறேன், இருக்கிறேன். அத்தை, உங்கள் கார்பெட் நனைந்தது உங்கள் சொந்த நஷ்டம். அது பொருள் காப்பீட்டுப் பகுதியில் வரும். கீழ் வீட்டு லேப்டாப் தேர்ட் பார்ட்டி நஷ்டம், அது பொறுப்புக் காப்பீடு. உங்கள் பாலிசியில் இரண்டும் இருக்கிறதா?

அத்தை: இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். அப்படியென்றால் கம்பெனி கொடுத்துவிடும்தானே? அதற்குத்தானே பிரீமியம் கட்டுகிறேன்.

சித்தப்பா: இங்கேதான் எல்லோரும் வழுக்குவார்கள். பாலிசி இருப்பதால் உனக்குப் பொறுப்பு வந்துவிடாது. சட்டப்படி நீ பொறுப்பாளியா என்பது முதல் கேள்வி. ஆம் என்றால்தான் கம்பெனி உன் இடத்தில் நின்று கொடுக்கும். இல்லையென்றால் கீழ் வீட்டுக்காரருக்கு "தர வேண்டியதில்லை" என்று பதில் எழுதும், வழக்கு வந்தால் உனக்காக வாதாடும். அந்தச் செலவும் பெரும்பாலும் அதே பாலிசியில்தான்.

அண்ணன்: தண்ணீர் மேலிருந்து கீழே போனது. இதில் என்ன கேள்வி?

நான்: போனால் மட்டும் போதாது அண்ணா. கவனக்குறைவு என்று நிரூபிக்க மூன்று வேண்டும். கவனமாக இருக்கும் கடமை இருந்தது, அதை மீறினார், அந்த மீறலால்தான் நஷ்டம் வந்தது. யார் விஷயத்தில் அந்தக் கடமை என்பதற்கு 1932 பிரிட்டிஷ் தீர்ப்பு, டொனஹியூ எதிர் ஸ்டீவன்சன். இஞ்சி பியர் பாட்டிலில் நத்தை கிடந்ததாகச் சொன்ன வழக்கு. என் செயலால் நேராகப் பாதிக்கப்படக்கூடியவர் என்று நான் நினைத்துப் பார்க்க வேண்டிய எவரும் என் அயலார் என்றார் நீதிபதி லார்ட் அட்கின்.

அத்தை: கீழ் வீட்டுக்காரரை அயலார் என்று சொல்ல ஒரு நத்தை வேண்டியிருந்ததா?

சித்தப்பா: 😂 கடமையில் உனக்குச் சந்தேகமே வேண்டாம் அக்கா. மீறலில்தான் சண்டை. உன் கதைக்கு நெருக்கமானது 1913 ரிக்கர்ட்ஸ் எதிர் லோதியன். மேல் மாடி வாஷ்பேசினில் யாரோ வேண்டுமென்றே வடிகாலை அடைத்து, குழாயைத் திறந்துவிட்டுப் போய்விட்டான். கீழே இருந்தவருடைய சரக்கு பாழ். ஆனாலும் மேலே இருந்தவர் பொறுப்பில்லை என்று தீர்ப்பு. வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர் சாதாரண உபயோகம், அடுத்தவன் செய்த விஷமத்துக்கு இவர் என்ன செய்வார்?

அத்தை: அப்பாடா. எனக்கும் அதேதான். பிளம்பர்தான் ஹோஸை மாட்டினார்.

சித்தப்பா: எப்போது?

அத்தை: பத்து நாள் ஆகிறது. அன்றிலிருந்தே லேசாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்குத்தான் கீழே ஒரு வாளி வைத்திருந்தேன். தினமும் இரண்டு தடவை கொட்டுவேன்.

(குழுவில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.)

அண்ணன்: வாளி 🪣

நான்: அத்தை… வாளி வைத்தீர்கள் என்றால் ஒழுகுவது தெரியும் என்று அர்த்தம். தெரிந்தும் சரிசெய்யவில்லை. ரிக்கர்ட்ஸ் நம்மைக் கைவிட்டுவிட்டார்.

அத்தை: வாளியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால்?

சித்தப்பா: அந்த வேலை மட்டும் வேண்டாம். காப்பீட்டில் கம்பெனிக்குத் தெரியாதது உனக்குத்தான் தெரியும். உச்ச நல்லெண்ணம், அதாவது தெரிந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்ற விதியே அங்கிருந்து வந்ததுதான், 1766 கார்ட்டர் எதிர் போம் வழக்கில் நீதிபதி லார்ட் மான்ஸ்ஃபீல்ட் சொன்னது. எவ்வளவு சொல்ல வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் கிளெய்மில் பொய் சொன்னால் எங்கேயும் மாட்டிக்கொள்வாய். இன்னொன்று, திடீரென்று ஏற்படும் ஒழுகலுக்குத்தான் பல பாலிசிகளில் உன் சொந்தப் பொருளுக்குக் காப்பு. நாள்பட்ட கசிவு விலக்கு. சொட்டியது வேறு, ஹோஸ் கழன்றது வேறு என்று நாம் வாதாடலாம். உண்மையைச் சொன்னால்தான் வாதாடவும் முடியும்.

அண்ணன்: பிளம்பர் தப்பிக்கிறாரா?

நான்: இல்லை. அவர் அத்தையின் ஊழியர் இல்லை, தனி ஒப்பந்தக்காரர். அதனால் அவர் தவறுக்கு அத்தை பதில் சொல்ல வேண்டியதில்லை, வாளிக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். கம்பெனி கீழ் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, அத்தையின் உரிமையைத் தன் கையில் எடுத்துப் பிளம்பரிடம் கேட்கும். அதுதான் சப்ரொகேஷன். ஆகவே அவரிடம் "பரவாயில்லை, விடுங்கள்" என்று சொல்லிவிடாதீர்கள் அத்தை. விட்டுக்கொடுத்தது உங்கள் உரிமை மட்டும் இல்லை, கம்பெனியின் உரிமையும்தான்.

அத்தை: கீழ் வீட்டுக்காரர் புது லேப்டாப் கேட்கிறார். அவருடையது ஐந்து வருடப் பழசு.

சித்தப்பா: கேட்கட்டும். சட்டம் அவரை நஷ்டத்துக்கு முன்பு இருந்த நிலையில் வைக்கும், அதைவிட உயர்த்தாது. பழசுக்குப் புதுசு என்ற வசதி அவருடைய சொந்த பாலிசியில் இருந்தால் அங்கே வாங்கிக்கொள்ளலாம். அப்படி வாங்கினால் அவருடைய கம்பெனி உன்னிடம் வரும், அதுவும் சப்ரொகேஷன்தான். இரண்டு பக்கமும் வாங்கி லாபம் பார்க்க முடியாது. 1883 காஸ்டெலைன் எதிர் பிரெஸ்டன் படித்தாயா?

நான்: படித்தேன். வீட்டை விற்க ஒப்பந்தம் போட்டார்கள், கைமாறுவதற்குள் தீப்பிடித்தது. விற்றவர் காப்பீட்டுப் பணமும் வாங்கி, வாங்குபவரிடம் முழு விலையும் வாங்கிக்கொண்டார். கம்பெனி தன் பணத்தைத் திரும்ப வாங்கிவிட்டது.

சித்தப்பா: போதும், நீ தேர்வில் பாஸ்.

அத்தை: புது மெசேஜ் பாருங்கள்: "நடந்ததற்கு மிகவும் வருந்துகிறோம். லேப்டாப்பை ஆன் பண்ண வேண்டாம். சேதத்தைப் படம் எடுத்து வையுங்கள், பில்கள் இருந்தால் பத்திரமாக இருக்கட்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கு இன்றே தகவல் சொல்கிறோம், அவர்கள் தொடர்புகொள்வார்கள்." வாளியைக் கம்பெனிக்கு எழுதும் கடிதத்தில் எழுதுகிறேன்.

நான்: சூப்பர் அத்தை. எக்ஸஸ் எவ்வளவு என்று பாலிசியில் பாருங்கள், அந்த முதல் பங்கு உங்கள் கையிலிருந்துதான் போகும்.

அத்தை: கீழ் வீட்டம்மா வாசலில் நிற்கிறார். தண்ணீர் இறைக்க வாளி வேண்டுமாம். கொடுத்தால் ஒப்புக்கொண்டது ஆகிவிடுமா?

சித்தப்பா: கொடு அக்கா. முதலில் அது இருந்த இடத்திலேயே ஒரு படம் எடுத்துக்கொள்.